செடிக்கு எழுபது, மாமனாருக்கு ஐம்பது

அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். பேச்சு மட்டும் எப்போதும் ஒருத்தி வழியாகவே போய்வந்தது. மாமனாருக்கு வெந்நீர் வேண்டுமா என்று ஏ.சி. மெக்கானிக் தன் மனைவியிடம் கேட்பான். மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா என்று மாமனார் தன் மகளிடம் கேட்பார். கேட்கும்போது இருவரும் ஒரே மேஜையில் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். சண்டை ஒன்றும் கிடையாது. மாமனார் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியும் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை குறையவில்லை, அவ்வளவுதான். மரியாதை அவ்வளவு கெட்டியாக இருக்கும் இடத்தில் பேச்சு முளைப்பது கஷ்டம்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அவள் மூன்று மாதத்துக்குக் கிளம்பினாள். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். ரயிலில் ஒன்றரை நாள் பயணம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், சேர்த்து வைத்த லீவையெல்லாம் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கிளம்பும் நாள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே ஓடி, குளியலறை ஜன்னலைக் காட்டினாள்.

"என்னங்க, அப்பாவுக்கு மாத்திரை, இதுக்குத் தண்ணி. ரெண்டையும் மறந்துடாதீங்க. இது ரொம்பக் கோபக்காரச் செடி."

அது ஒரு பெரணி. அவள் வார்டில் இருபது நாள் படுத்திருந்த ஒரு நோயாளி, வீட்டுக்குப் போகும்போது தந்தது. கறுப்புக் கம்பி மாதிரிப் பளபளக்கும் மெல்லிய காம்புகள். அதில் கொத்தமல்லியைவிடச் சின்னதாக, விசிறி வடிவத்தில், கையால் தொட்டாலே கசங்கிவிடும்போல இலைகள். மூச்சு விட்டால்கூட ஆடும். ஒரு வருஷத்தில் ஜன்னலையே மறைக்கிற அளவுக்குக் குடை விரித்திருந்தது.

"அது கிடக்கும், நீ ரயிலைப் பிடி" என்றான் மெக்கானிக்.

மூன்றாம் நாளே செடி அவனுக்கு இடைஞ்சலாகிவிட்டது. முகம் வழிக்கும்போது முழங்கை அதில் இடித்தது. சோப்பு நுரை இலையில் விழுந்தது. அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த வீட்டிலேயே வசதியான இடம் எது? மாமனாரின் அறை. இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவனே ஒரு ஏ.சி. மாட்டியிருந்தான். ஒரு வாடிக்கையாளர் புதுசு வாங்கியபோது கழற்றிப் போட்டதை, உள்ளே வெளியே பிரித்துக் கழுவி, குளிர்க்குழாய்ச் சுருளைச் சுத்தம் செய்து, கேஸ் நிரப்பி, புதுசுக்குச் சமானமாகக் கொண்டுவந்தான். தெருப்புழுதிக்குப் பயந்து அந்த அறை ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே எந்நேரமும் குளுகுளுவென்று இருக்கும். பச்சைச் செடிக்கு இதைவிட என்ன வேண்டும்? செடியைத் தூக்கிக்கொண்டுபோய் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஏ.சி. காற்று நேராகப் படும் ஸ்டூலில் வைத்தான்.

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். அவர் கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அனாவசியமாக ஒரு எழுத்துகூட அடிக்கமாட்டார், பேச்சும் அப்படித்தான்.

நாலு நாளில் இலை ஓரங்கள் பழுப்பாயின. ஆறாம் நாள், எரிந்த காகிதம் சுருள்வது மாதிரிச் சுருள ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று மெக்கானிக் இரண்டு வேளை ஊற்றினான். தொட்டி மண் சேறானது. இலைகள் மட்டும் மேலும் காய்ந்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பத்தாம் நாள் செடி பழைய துடைப்பம்போல் நின்றது.

அன்று காலை பார்த்து மனைவியிடமிருந்து வீடியோ கால். மகள் நன்றாக இருக்கிறாள், டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "செடியைக் காட்டுங்க" என்றாள்.

"அது அங்க இருக்கு… நான் இங்க இருக்கேன்" என்றான் மெக்கானிக்.

"அதான், எழுந்து போய்க் காட்டுங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு மாமனாரின் அறைவரை போனவன், வாசலிலேயே நின்றுவிட்டான். கேமராவைத் தூரத்திலிருந்து, ஆட்டி ஆட்டி, ஒரு நொடி காட்டினான்.

"ஒண்ணும் தெரியல. ஏன் இருட்டா இருக்கு? அப்பா, செடி எப்படிப்பா இருக்கு?"

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் செடியைப் பார்த்தார். வாசலில் வியர்த்து நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"செடிக்கு என்னம்மா, நல்லா இருக்கு" என்றார்.

போனை வைத்த பிறகு மெக்கானிக் உள்ளே வந்து கட்டில் ஓரம் நின்றான்.

"முப்பத்தஞ்சு வருஷம்" என்றார் மாமனார் மெதுவாக. "சத்தியப் பிரமாணம் பண்ணிட்டு ஊர்ப்பட்ட பொய் சொன்னவங்களை எல்லாம் டைப் அடிச்சிருக்கேன். நான் சொன்னது இதுதான் முதல் தடவை."

மெக்கானிக்குக் காது மடல் சூடேறியது. "எனக்காகத்தானே மாமா…"

"உங்களுக்காகன்னு இல்லை. பிள்ளை பெறப் போற பொண்ணு பக்கத்துல இருக்கிறப்ப அவ மனசு கலங்க வேண்டாம்னு." சொல்லிவிட்டு இருமினார். வறட்டு இருமல். இரண்டு மாதமாக இருந்தது. மகள் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். பாட்டில் மாற்றிப் பாட்டில் மருந்து குடித்தும் கேட்கவில்லை. இருமி முடித்துவிட்டு, "இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவர் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மெக்கானிக் அன்று மதியமே, வேலைக்குப் போகும் வழியில், உதிராமல் மிச்சமிருந்த ஒரு கிளையை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு செடிக்கடைக்குப் போனான். கடைக்காரம்மா கைநிறைய மண்ணோடு வந்தாள். காகிதத்தைப் பிரித்ததும், விபத்தில் அடிபட்டவனைப் பார்ப்பதுபோல் உச்சுக் கொட்டினாள்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"ஏ.சி. ரூம்ல."

"அதுக்கு அடுப்புலயே வெச்சிருக்கலாமே. சீக்கிரம் வேலை முடிஞ்சிருக்கும்."

"தண்ணி ரெண்டு வேளை ஊத்தினேங்க."

"வேர் குடிக்கிற தண்ணி வேற, இலை குடிக்கிற ஈரம் வேற. இது அருவிக்கரையில பாறை இடுக்குல வளர்ற ஜாதி. சுத்தி இருக்கிற காத்துல ஈரம் இருக்கணும். மண்ணு நனைஞ்சு இருந்தாப் போதும், நீச்சல் அடிக்க வேண்டாம். வெயில் நேரா படக்கூடாது, வெளிச்சம் வேணும். காத்து முகத்துல அடிக்கக்கூடாது. முதல்ல எங்க இருந்துச்சு?"

"குளியலறை ஜன்னல்ல."

"வீட்டுல யாரோ விவரமானவங்க இருக்காங்க" என்றாள். பிறகு அவன் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். வீட்டில் ஏற்கெனவே ஒன்று சொல்லியாகிவிட்டது. "ஏ.சி. மெக்கானிக்" என்றான்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு வழியும் சொன்னாள். காய்ந்ததையெல்லாம் மண்மட்டத்தோடு வெட்டிவிட வேண்டும். ஒரு இலை மிச்சம் வைக்காமல் மொட்டை. வேர்க்கட்டையில் உயிர் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதுச் சுருள் வரும். வராவிட்டால் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம்.

வேனில் உட்கார்ந்தபோது அவனுக்கு வேறொரு விஷயம் உறைத்தது. காற்றில் ஈரம் எவ்வளவு என்று அளப்பது அவன் அன்றாட வேலை. கம்ப்யூட்டர் அறைகளில், மருந்துக் கிடங்குகளில், ஈரப்பத மீட்டரை நீட்டி எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுக்காத வாரம் கிடையாது. தன் வீட்டில் ஒருநாளும் நீட்டியதில்லை.

சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டரை எடுத்தான். குளியலறையில் எழுபத்து நாலு. சமையலறையில் ஐம்பத்தெட்டு. மாமனாரின் அறையில் முப்பத்தொன்று.

மீட்டரைத் தட்டிப் பார்த்தான். முப்பத்தொன்றுதான். ஏ.சி. கொஞ்சம் உலர்த்தும், சரி, இவ்வளவு உலர்த்தாதே. கட்டிலில் மாமனார் இருமினார். மெக்கானிக் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு, பக்கத்தில் இருமல் மருந்து. அதற்கும் பக்கத்தில், அதே காற்றில், காய்ந்த செடி.

"மாமா, ரிமோட்டைக் கொஞ்சம் கொடுங்க."

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார். சின்னத் திரையில் ஒரு நீர்த்துளிப் படம் இருந்தது.

"இதை யாரு வெச்சது?"

"நான்தான்."

"எப்பேர்ந்து?"

"நீங்க மாட்டின மறுநாள்லேர்ந்து." மாமனாருக்குத் தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறோமா, சாட்சிக் கூண்டிலா என்று புரியவில்லை. "தொண்டை வறண்டுச்சு. பொத்தான்லாம் பாத்தேன். பனி போட்டிருந்துச்சு, சூரியன் போட்டிருந்துச்சு, துளி போட்டிருந்துச்சு. துளின்னா காத்துல கொஞ்சம் தண்ணி கலந்து வரும்னு… வறள வறள அதைத்தான் அழுத்தினேன்."

"மாமா, துளின்னா தண்ணி வரும்னு இல்லை. தண்ணியை எடுத்துடும்னு அர்த்தம். மழைக்காலத்துல ரூம் நசநசன்னு இருந்தா உலர்த்துறதுக்கு."

மாமனார் ரிமோட்டை வாங்கித் தூரத்தில் பிடித்து அந்தப் படத்தைப் பார்த்தார். "அப்ப துளிமேல ஒரு கோடு கிழிச்சுல்ல போட்டிருக்கணும்" என்றார். "வாசகம் தெளிவா இல்லாததுனால எத்தனை கேஸ் தோத்திருக்கு தெரியுமா?"

மெக்கானிக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக ஏ.சி. மாட்டும் எந்த வீட்டிலும் அவன் கால் மணி நேரம் நின்று ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஏணியை மடிப்பான். அதற்காகவே அவனைத் தேடிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. இந்த வீட்டில், மாட்டி முடித்ததும் ரிமோட்டை மனைவி கையில் கொடுத்து, "அப்பாகிட்ட கொடுத்துடு" என்று மட்டும் சொல்லியிருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க இவருக்குக் கூச்சம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குக் கூச்சம். அதில் ஒரு மனுஷனும் ஒரு செடியும் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"தப்பு என்மேலதான் மாமா" என்றான்.

"கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு அவ சொன்னாளா?" என்று கேட்டார் மாமனார்.

இருவரும் தரையில் பேப்பரை விரித்துச் செடிக்கு மொட்டை போட்டார்கள். மாமனார் காம்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மெக்கானிக் வெட்டினான். தொட்டியில் இரண்டு நாள் தாடி அளவுக்குக் கறுப்புக் குச்சிகள் மிஞ்சின. ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தார்கள். குளியலறைக்கே கொண்டுபோய்விடலாம் என்றான் மெக்கானிக். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "என் ரூம்லதான் இதுக்கு இந்தக் கதி வந்துச்சு. என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்." ஏ.சி. காற்று படாத மூலையில், ஜன்னலோரம் வைத்தார்கள். பனிப் படத்துக்கு மாற்றி, மதியம் மட்டும் ஓடும்படி மெக்கானிக் ஏ.சி.யில் நேரம் வைத்தான். மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, "இதுல அம்பது சொச்சம் இருந்தா உங்க தொண்டைக்குப் போதும்" என்றான்.

மாமனார் ஒரு பழைய டைரியை எடுத்துவைத்துக்கொண்டார். தினமும் காலையில் மீட்டர் எண்ணை எழுதி, கீழே ஒரு வரி. 'ஐம்பத்து மூன்று. சாட்சி மௌனம்.' 'ஐம்பத்தைந்து. சாட்சி இன்றும் ஆஜராகவில்லை.' சாப்பிடும்போது மெக்கானிக் கேட்பான், அவர் வாசித்துக் காட்டுவார். ஒருவாரத்தில் அவர் இருமல் பாதியாகியிருந்தது. அதை அவர் டைரியில் எழுதவில்லை, மெக்கானிக் கவனித்தான்.

மொட்டை போட்ட பதினாறாம் நாள் அவன் ஓர் அலுவலகத்தில் ஏணிமேல் நின்று, கூரைப் பலகைக்குள் தலையை விட்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் மாமனார் பெயர். அவர் அவனுக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை. நெஞ்சுவலி, விழுந்துவிட்டார், கேஸ் அடுப்பு என்று மனதில் வரிசையாக ஓட, தலை பலகையில் முட்டிக்கொண்டது.

"மாமா! என்ன ஆச்சு?"

"மாப்பிள்ளை, மூணு காற்புள்ளி வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு?"

"காற்புள்ளி. கமா. மண்ணுலேர்ந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அச்சு அசல் கமா மாதிரி. மூணு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன், நாலாவது ஒண்ணு இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

ஏணிக்குக் கீழே நின்ற அலுவலக மேனேஜர், "வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். மெக்கானிக் சிரித்த முகத்தை அடக்கத் தெரியாமல் தலையை மறுபடி கூரைக்குள் விட்டுக்கொண்டான்.

அதே வாரம் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். மாமனார் டைரியில் இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதினார்.

கூத்து அதற்குப் பிறகுதான். சுருள்கள் விரிந்தன, ஆனால் முதல் இலைகளே ஓரத்தில் லேசாகக் காய்ந்தன. செடிக்கு எழுபது வேண்டும் என்று மெக்கானிக் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தது மாமனாரின் மனதில் நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. ஸ்டூலில் மின்சாரக் கெட்டில் மூடி திறந்தபடி கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஈரத்துண்டு, கட்டில் கம்பியில் ஈரத்துண்டு. சுவரில் நீர் வழிந்தது. அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். இது ஒருநாள் வேலையில்லை. மீட்டர் எண்பத்து மூன்று காட்டியது. நடுவில் மாமனார் சட்டை நனைய உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, பூதக்கண்ணாடியில் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம்தான் கோபமாக வந்தது. "என்ன மாமா இது? மனுஷன் இருக்கிற ரூமா, சலவைக்கடையா? மூச்சு எப்படி இரைக்குது பாருங்க!"

"செடிக்கு எழுபது வேணும்னு நீங்கதானே…"

"அதுக்கு எழுபது, உங்களுக்கு அம்பது! ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்க முடியாது. யாராவது ஒருத்தர் வெளிய போய்த்தான் ஆகணும்."

கெட்டிலை அணைத்தான். ஜன்னலைத் திறந்தான். செடியைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தபோது மாமனார் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். "சரிங்க மாப்பிள்ளை" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் அதே 'சரிங்க', 'வேண்டாங்க', 'ஆச்சுங்க'. டைரி திறக்கப்படவில்லை. கோபமாக இருப்பார், தானாகத் தணியும் என்று மெக்கானிக் விட்டுவிட்டான். மூன்றாம் நாள் மச்சான் போன் செய்தான். மாமனாரின் மகன், வேறு ஊரில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மனைவி மக்களோடு இருப்பவன்.

"அத்தான், அங்க ஏதாவது பிரச்சினையா? அப்பா இங்க வந்து இருக்கலாமான்னு கேக்கிறாரு. இடம் இல்லாட்டி ஹால்ல படுத்துக்கிறேங்கிறாரு. நீங்க ஏதோ… ஒருத்தர் வெளிய போகணும்னு சொன்னீங்களாமே."

மெக்கானிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அன்று இருந்த இரண்டு வேலைகளையும் தள்ளிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். மாமனாரின் கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. அதில் நாலு சட்டைகள் டைப் அடித்த தாள்போல் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, நான் வெளிய போகணும்னு சொன்னது செடியை."

அவர் மடிக்கிற சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். "யாராவது ஒருத்தர்னு சொன்னீங்க. செடியை யாரும் ஒருத்தர்னு சொல்றதில்லை."

"எனக்கு அப்படிப் பேசத்தான் வந்துச்சு. அதை நான் ஒருத்தராத்தான் நினைச்சேன். நீங்க மட்டும் அதைச் சாட்சின்னு எழுதலையா?"

அவர் கை நின்றது.

"நீங்க மூச்சு வாங்கினதைப் பாத்து எனக்குக் கை கால் ஓடல மாமா. நீங்க போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன்?"

இதைச் சொல்லத் திட்டமிட்டு வரவில்லை. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. இருவரும் வேறுவேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஒருத்தன் சொன்னது ஒண்ணு, கேட்டவன் எழுதிக்கிட்டது ஒண்ணு" என்றார் மாமனார் கடைசியில். "எத்தனையோ வாக்குமூலம் அப்படித்தான் போச்சு."

"திருத்திக்கலாமா?"

"திருத்தலாம். திருத்தின இடத்துல ஓரமா கையெழுத்துப் போடணும்." ஒரு சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பிறகு இரண்டாவதை. "ஆனா அது குளியலறையில இருக்கிறது எனக்குப் பிடிக்கலை. நாள் முழுக்க நான் யாரைப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அந்தக் கேள்வி நியாயமானது. அன்று இரவு முழுக்க அது மண்டையில் ஓடி, காலையில் விடை வந்தது. அவன் பட்டறையின் பின்பக்கம் ஒரு பழைய குளிர்பானப் பெட்டி கிடந்தது. கடைகளில் பாட்டில் அடுக்கி வைக்கும், கண்ணாடிக் கதவு போட்ட, இடுப்புயர ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் செத்துப்போனதால் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். மெக்கானிக் அதன் குடலையெல்லாம் உருவினான். குழாய் வந்த ஓட்டைகளை அடைக்காமல் காற்றோட்டத்துக்கு விட்டான். மேலே வெள்ளை விளக்கு ஒன்று, கீழே கூழாங்கல் தட்டு. கதவின் ரப்பரைப் புதுசாகப் போட்டான். வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, மாமனாரின் அறையில் ஜன்னலோரம் நிறுத்தி, செடியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். உள்ளே ஒரு மீட்டர், வெளியே ஒரு மீட்டர்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே எழுபத்திரண்டு. வெளியே ஐம்பத்தொன்று.

"இப்ப யாரும் வெளிய போக வேண்டாம்" என்றான் மெக்கானிக்.

மாமனார் டைரியைத் திறந்தார். மூன்று நாள் காலியாக விட்ட இடத்தில் குறுக்காக ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மனைவி திரும்பி வந்தபோது செடி ஒரு சாண் உயரம் இருந்தது. பழைய குடையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் பதினோரு இலைக்கிளைகள், எல்லாம் ஓரம் சுத்தமான இளம்பச்சை. அவள் பயணக் களைப்போடு வாசல்படி ஏறினதும் குளியலறை ஜன்னலைப் பார்த்தாள், காணோம். அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தாள். விளக்கு போட்ட ஃபிரிட்ஜுக்குள் செடி. அதன் இரண்டு பக்கமும், பரீட்சை ஹாலில் பிடிபட்ட பிள்ளைகள்போல அப்பாவும் கணவனும்.

"அம்மா, அன்னிக்கு நான் போன்ல சொன்னது பொய்" என்றார் அப்பா.

"தெரியும்பா. பதினெட்டு வருஷமா பேஷண்ட் முகத்தைப் பாத்தே சொல்றவ நான். ஒரு நொடி காட்டினாலும் தெரியாதா? அது போயிடுச்சுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப ஏன் எங்களை ஒண்ணும் கேக்கல?" என்றான் மெக்கானிக்.

"நீங்க தப்பு பண்ணி, அதுக்கு எங்கப்பா பொய் சொல்றார்னா, நான் நடுவுல வந்து ஏன் கெடுக்கணும்?" என்றாள் அவள். பையிலிருந்து பேத்தியின் போட்டோக்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். அப்பாவின் மருந்துப் பாட்டில் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டாள். துளிப் படத்தின் கதையை இருவரும் மாறி மாறி, ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துச் சொன்னார்கள். சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று. கேட்டுவிட்டு அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன்னையும் சேர்த்துத்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டிலேயே நர்ஸ் ஒருத்தி இருந்தும் ரிமோட்டை ஒருதரம் வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லையே.

செடியை இனி எங்கே வைப்பது என்ற பேச்சே எழவில்லை. அவள் ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக் கதவை உள்பக்கம் துடைப்பது மெக்கானிக்கின் பொறுப்பு. மாமனார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்ப்பார்.

"அந்த மூலை, மாப்பிள்ளை."

"துடைச்சாச்சு மாமா."

"துடைச்சீங்க. போகல. இங்கேர்ந்து பாத்தா தெரியுது."

"அப்ப இங்க வந்து நீங்களே துடைங்க."

"குனிய முடியாதே. இல்லாட்டி உங்களை ஏன் கேக்கிறேன்?"

மெக்கானிக் துணியை நனைத்துப் பிழிந்து, அந்த மூலையை மறுபடி துடைத்தான்.